பென் டிரைவ் ரெடி, கம்ப்யூட்டர் ரெடி இல்லை: புது ஓஎஸ் போடுமுன் வரும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

புது ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற மென்பொருள்) போட உட்கார்ந்து பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்கு அனுப்பும் ஃபோட்டோக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இன்ஸ்டாலர் திரை, நடுவில் ஒரு பிழைச் செய்தி, மேலே விளக்கு வெளிச்சம் பட்டுப் பாதி எழுத்து தெரியாது. கூடவே ஒரு கேள்வி: "இன்ஸ்டாலர் மக்கர் பண்ணுது, வேற ஐஎஸ்ஓ இறக்கட்டுமா?" (ஐஎஸ்ஓ என்பது ஓஎஸ்ஸை முழுதாக அடக்கிய, இறக்கிக்கொள்ளும் ஃபைல்.) பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் பதில் போடுவேன். முந்தின ஒரு மணி நேரத்தில் நாம் செய்யாமல் விட்ட ஏதோ ஒரு வேலையைத்தான் அந்தச் செய்தி சுட்டிக்காட்டும். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ, கீழே அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. கம்ப்யூட்டர் இப்போது விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, முதல் பக்கத்தை மொபைலில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'பயாஸ் மோட்' வரியில் யூஇஎஃப்ஐ என்றிருக்கிறதா லெகசி என்றிருக்கிறதா, 'செக்யூர் பூட் ஸ்டேட்' ஆனில் இருக்கிறதா ஆஃபிலா, இந்த இரண்டும் கட்டாயம் தெரிய வேண்டும். பயாஸ் என்பது ஓஎஸ்ஸுக்கு முன்பே எழுந்து கம்ப்யூட்டரைத் துவக்கும் அமைப்பு; யூஇஎஃப்ஐ அதன் புது முறை, லெகசி பழைய முறை. கையொப்பம் இல்லாத நிரல் துவங்காமல் தடுப்பது செக்யூர் பூட். பயாஸுக்குள் எதையாவது மாற்றுவதற்கு முன்பும் அந்தப் பக்கத்தை ஒரு ஃபோட்டோ. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு "என்னமோ ஆயிடுச்சு" என்றால் யாராலும் உதவ முடியாது.

## "பேக்கப் எடுத்தாயிற்று, ஆனால் திறந்து பார்த்தால் பாதி ஃபைல் இல்லை"

இதை அழிப்பதற்கு முன் கண்டுபிடித்தவர் அதிர்ஷ்டசாலி. வழக்கமான காரணம் ஒன்டிரைவ். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு, சி டிரைவில் நாம் வழக்கமாகப் போய்ப் பார்க்கும் 'டாக்குமென்ட்ஸ்' காலியாகக் கிடக்கும். உண்மையான ஃபைல்கள் 'ஒன்டிரைவ்' ஃபோல்டருக்குள் இருக்கும். அங்கேயும் சில ஃபைல்களின் பக்கத்தில் மேகம் போல ஒரு குறி இருந்தால், அந்த ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு நகலெடுங்கள்.

நகலெடுத்ததும், எடுத்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்து ஃபைல்களைத் திறந்தே பாருங்கள். ஃபைல் எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. பிரவுசர் பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள், அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் ஆகியவை டாக்குமென்ட்ஸுக்கு வெளியே இருக்கக்கூடியவை, மறந்துபோகும். நம்மவர்களுக்கு இன்னொன்று: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் வைத்திருந்தால், அந்த எழுத்துரு ஃபைலையும் விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து எடுத்து வையுங்கள். இல்லையென்றால் தாத்தா காலத்துக் கடிதமெல்லாம் கிறுக்கலாகத்தான் தெரியும்.

## "நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது"

பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ தொட்டிருப்பீர்கள். அல்லது பூட் வரிசையை மாற்றியிருப்பீர்கள். உங்கள் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருக்கிறது; பூட்டைத் திறக்கும் சாவியை டிபிஎம் சிப் வைத்திருக்கிறது; கம்ப்யூட்டர் துவங்கும் விதம் மாறியதும் "ஏதோ சந்தேகமாக இருக்கிறது" என்று சாவியைத் தர மறுக்கிறது. "நான் பிட்லாக்கர் எதையும் போடவே இல்லையே" என்பார்கள். போட்டிருக்க மாட்டீர்கள்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை லாகின் செய்யும்போது, வசதி உள்ள லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அது தானாகவே ஆன் ஆகிவிடும்.

முதலில் பதறாமல், மாற்றியதைப் பழையபடி வையுங்கள். ஃபோட்டோ எடுத்து வைத்தது இதற்குத்தான். செக்யூர் பூட்டை ஆஃப் செய்ததால் வந்த திரை என்றால், அதை மறுபடி ஆன் செய்ததும் பெரும்பாலும் கீ கேட்காமலேயே விண்டோஸ் திறந்துகொள்ளும்.

திறக்கவில்லை என்றால் கீ வேண்டும். அந்தத் திரையிலேயே 'கீ ஐடி' என்று ஒரு வரி இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸ் பட்டியலில் ரெக்கவரி கீ பகுதிக்குப் போங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால் அந்த எட்டு எழுத்தை வைத்து எது என்று பார்க்கலாம். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கில் லாகின் செய்த லேப்டாப் என்றால், கீ அவர்களிடம் இருக்கக்கூடும். லேப்டாப்பை வீட்டில் வேறு யாராவது முதலில் அமைத்துத் தந்திருந்தால், கீ அவர்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். மறந்துபோகிற இடம் இதுதான்.

இன்னும் பயாஸைத் தொடவில்லை என்றால், இப்போதே செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடப் போகிறவர்கள் அதை முழுக்க ஆஃப் செய்துவிடுவது நிம்மதி. டிஸ்க்கை அவிழ்க்க நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகி வையுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு இந்தக் கீ பேக்கப் எடுக்கும் வரை மட்டும்தான் தேவை.

## "எஃப்2 எத்தனை தடவை அழுத்தினாலும் நேராக விண்டோஸுக்கே போகிறது"

விசை தவறாக இருக்கலாம். டெல்லில் பயாஸுக்கு எஃப்2, பூட் மெனுவுக்கு எஃப்12. எச்பியில் எஃப்10, எஃப்9. ஏசரில் எஃப்2, எஃப்12. ஆனால் பல ஏசர்களில் எஃப்12 பூட் மெனுவைப் பயாஸுக்குள் போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். ஆசுஸில் எஃப்2, எஸ்கேப். விசை சரியாக இருந்தும் வரவில்லை என்றால், கம்ப்யூட்டர் துவங்கும் வேகம் உங்கள் விரலை முந்துகிறது.

விரலோடு போட்டி போட வேண்டாம். விண்டோஸுக்குள் இருந்தே, ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீல மெனு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ், அவ்வளவுதான். அந்தக் கடைசி வரியே மெனுவில் இல்லை என்றால் உங்கள் கம்ப்யூட்டர் லெகசி முறையில் ஓடுகிறது என்று அர்த்தம்.

## "பூட் மெனுவில் பென் டிரைவ் வரவே இல்லை"

பென் டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு பெரிய ஃபைல் இருக்கிறதா? அதுதான் பிரச்சினை. ஐஎஸ்ஓவைக் காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், லினக்ஸ் என்றால் எட்சர், இப்படி ஒரு கருவியால் எழுத வேண்டும். விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலும் உண்டு, அதற்கு 8 ஜிபி பென் டிரைவாவது தேவை.

கையால் எழுத முயன்று "ஃபைல் டூ லார்ஜ்" என்று நின்றிருந்தால் காரணம் பென் டிரைவ் ஃபார்மேட் ஆகியிருக்கும் ஃபேட்32 என்ற முறை. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் 'இன்ஸ்டால்' என்ற விம் ஃபைல் இப்போதெல்லாம் அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

சரியாக எழுதியும் பாதியில் தொங்குகிறது, அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வருகிறது என்றால், இறக்கிய ஐஎஸ்ஓ முழுதாக வந்ததா என்று பாருங்கள். பவர்ஷெல்லைத் திறந்து 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஐஎஸ்ஓவை அந்த ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டுங்கள். 64 எழுத்து நீள எண் ஒன்று வரும். இறக்கிய தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு ஒப்பிடுங்கள். இறக்கத்தில் ஒரு பிட் பிசகினாலும் மொத்த எண்ணுமே மாறிவிடும், அதனால் முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்துப்போனால் போதும், 64-ஐயும் விரல் வைத்துப் படிக்க வேண்டாம்.

## "இந்த டிஸ்க் ஜிபிடி, இதில் நிறுவ முடியாது" அல்லது "எம்பிஆர், நிறுவ முடியாது"

ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாக, பிரித்துக் குறித்து வைக்கும் முறைகள்; ஜிபிடி புதுசு, எம்பிஆர் பழசு. செய்தியைப் பார்த்ததும் டிஸ்க்கை மாற்றியமைக்கக் கிளம்பாதீர்கள். பூட் மெனுவுக்குத் திரும்பிப் போய் நன்றாகப் பாருங்கள். ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை இருக்கலாம்: ஒன்று வெறும் பென் டிரைவ் பெயர், இன்னொன்று அதே பெயருக்கு முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று ஒட்டியது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டாலர் பழைய லெகசி முறையில் எழுந்திருக்கும், ஜிபிடி டிஸ்க்கைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யூஇஎஃப்ஐ ஒட்டியதைத் தேர்ந்தெடுத்தால் அதே டிஸ்க்கில் மறுபேச்சில்லாமல் நிறுவும். ஒரே ஒரு வரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததற்காக டிஸ்க்கை முழுக்க அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

எம்பிஆர் என்று சொன்னால் கதை கொஞ்சம் வேறு. டிஸ்க் உண்மையிலேயே பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பது எதுவும் வேண்டாம் என்றால், இன்ஸ்டாலரில் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கிவிட்டு, காலி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தானே ஜிபிடியாக அமைத்துக்கொள்ளும். வேண்டும் என்றால், விண்டோஸ் 10-ல் 2017-லிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். முதலில் அதன் 'வேலிடேட்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் மாட்டேன் என்றுவிடும், அதற்கு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. மாற்றி முடித்ததும் பயாஸில் லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் எதுவுமே பூட் ஆகாது.

## "செக்யூர் பூட் வயலேஷன்"

உபுண்டு, ஃபெடோரா போன்ற பெரிய லினக்ஸ்கள் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் பெற்ற 'ஷிம்' என்ற சிறு நிரலோடு வருவதால், செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும் ஏறிவிடும். ஏறவில்லை என்றால் முதலில் பென் டிரைவ் எத்தனை பழசு என்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பாதுகாப்புக் குறையுள்ள பழைய ஷிம்களைத் தடுத்தது. பல கம்ப்யூட்டர்களில் "எஸ்பிஏடி டேட்டா ஃபெயில்டு, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று வந்தது. டிராயரில் ரெண்டு வருஷமாகக் கிடந்த பென் டிரைவை விட்டுவிட்டு, புது ஐஎஸ்ஓவை இறக்குங்கள்.

புதியதும் ஏறவில்லை என்றால், பயாஸில் செக்யூர் பூட் பக்கத்திலேயே மூன்றாம் தரப்பு மைக்ரோசாஃப்ட் சான்றிதழை அனுமதிக்கும் ஒரு தேர்வு இருக்கிறதா தேடுங்கள். சில புது லேப்டாப்களில் அது ஆஃபில்தான் வருகிறது. செக்யூர் பூட்டையே ஆஃப் செய்வது கடைசி வழி. அதற்கு முன் மேலே பிட்லாக்கர் பற்றி எழுதியதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

## "இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை, பென் டிரைவ் மட்டும்தான் தெரிகிறது"

எஸ்எஸ்டி போய்விட்டதென்று பயந்து ஃபோன் செய்வார்கள். "அதே எஸ்எஸ்டியில்தானே பத்து நிமிஷம் முன்னால விண்டோஸ் ஓடிச்சு?" என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. டிஸ்க்குகளை நிர்வகிக்கும், இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் ஒளிந்திருக்கிறது, இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இல்லை. 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களிலிருந்து இது அடிக்கடி வருகிறது.

விண்டோஸ் போடுகிறவர்கள், லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் கண்ணில் படும்படி பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி எழுந்து வரும். விரிக்காத எக்ஸ்இ ஃபைலை இன்ஸ்டாலருக்குப் படிக்கத் தெரியாது.

லினக்ஸ் இன்ஸ்டாலர் ஆர்எஸ்டியைக் காரணம் காட்டி நின்றால், பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும், அல்லது விஎம்டியை ஆஃப் செய்ய வேண்டும். சில ஏசர் லேப்டாப்களில் இந்தத் தேர்வு மறைந்திருக்கும். பயாஸின் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும்.

பழைய விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், இங்கேதான் கவனம் வேண்டும். நேராக மாற்றிவிட்டால் விண்டோஸ் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று விழுந்துவிடும். முதலில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, 'பூட்' பக்கத்தில் 'சேஃப் பூட்'டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நேராகப் பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புது டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் நான்கு இலக்க பின் எடுபடாமல் போகலாம். கணக்கின் முழு பாஸ்வேர்டும் நினைவில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் ஆஃபில் இருக்க வேண்டும் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

## "200 ஜிபி காலியாக இருக்கிறது, 'ஷ்ரிங்க்' செய்ய 8 ஜிபிதான் தருகிறது"

விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்கி, பக்கத்தில் லினக்ஸுக்கு இடம் ஒதுக்குவதுதான் 'ஷ்ரிங்க்'. காலி இடம் இருக்கிறது, ஆனால் அதன் நடுவில் நகர்த்த முடியாத ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கிறது. வரிசையில் எல்லோரும் எழுந்து போன பிறகு கடைசி நாற்காலியில் ஒருவர் மட்டும் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பது போல. ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட்டுகள் என்று விண்டோஸ் தன் தேவைக்காக வைத்துக்கொள்பவைதான் வழக்கமான ஆட்கள். யார் என்று தெரிய வேண்டுமானால் ஈவென்ட் வியூவரில், 'அப்ளிகேஷன்' பகுதியில், 259 என்ற எண்ணுள்ள பதிவைப் பாருங்கள், ஃபைல் பெயரோடு எழுதியிருக்கும்.

அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ட் திறந்து, பவர் என்பதோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டித் தட்டி, இடைவெளி, ஸ்லாஷ் எச், இடைவெளி, ஆஃப் என்று கொடுங்கள். ஹைபர்னேஷன் ஃபைல் போய்விடும், அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். அது போவது நல்லதுதான்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த டிரைவை லினக்ஸிலிருந்து திறந்தால் படிக்க மட்டும்தான் விடும். பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடக்ஷனையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஷ்ரிங்க் முயலுங்கள். பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகள் இதில் அழிந்துவிடும். முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.

கிடைத்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல், 'அன்அலகேட்டட்' ஆகவே விடுங்கள். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். நான் 60-க்குக் குறைந்து கொடுப்பதில்லை.

## "திஸ் பிசி கான்ட் ரன் விண்டோஸ் 11"

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகு நிறையப் பேர் சந்தித்த திரை. டிபிஎம் 2.0 இல்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள், பயாஸில் ஆஃபில் இருக்கலாம். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பிராசசர்தான் காரணம் என்றால், அதாவது இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசைக்கும் முந்தையது என்றால், பயாஸில் செய்ய ஒன்றுமில்லை. சோதனையைத் தாண்டிப் போகும் குறுக்குவழிகள் உண்டு, ஆனால் அப்டேட்டுகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அந்த லேப்டாப்பில் நான் லினக்ஸ் போடுவேன்.

## "வைஃபை பட்டியலே வரவில்லை"

இன்ஸ்டாலரிடம் உங்கள் வைஃபை சிப்புக்கான டிரைவர் இல்லை. மொபைலை யூஎஸ்பி கேபிளில் செருகி 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள், லினக்ஸில் பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். விண்டோஸ் போடுகிறவர்கள் வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கி அதே பென் டிரைவில் ஒரு ஓரமாக வையுங்கள்.

## "எந்த டிஸ்க் எது என்று தெரியவில்லை"

விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று மட்டும் காட்டும், டி டிரைவ், ஈ டிரைவ் என்ற பெயர்கள் அங்கே வராது. அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 512 ஜிபி எஸ்எஸ்டி 476 ஜிபி என்றும் தெரியும், குறைகிறதே என்று கலங்க வேண்டாம். ஒரே அளவில் இரண்டு இருந்தால், டெஸ்க்டாப் என்றால் அழிக்கக் கூடாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லினக்ஸ் எழுதிய பென் டிரைவ் ஒன்று விண்டோஸில் சில எம்பி மட்டுமே காட்டியது. டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் 'கிளீன்' கொடுத்தால் சரியாகிவிடும், பலமுறை செய்த வேலை. பட்டியலைப் பார்த்தேன், பென் டிரைவ் டிஸ்க் 2. நடுவில் யூஎஸ்பி லூசாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் ஒரு முறை பிடுங்கிச் செருகினேன். பட்டியலைத் திரும்பப் பார்க்காமல் 'செலக்ட் டிஸ்க் 2', 'கிளீன்'. ஒரு விநாடிகூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த பேக்கப் டிஸ்க்கின் நீல விளக்கு ஒரு தடவை மினுக்கியது. பென் டிரைவின் விளக்கு அசையவே இல்லை.

கிளீன் பார்ட்டிஷன் அட்டவணையைத்தான் அழிக்கிறது, உள்ளே இருக்கும் ஃபைல்களை உடனே தொடுவதில்லை. அதன் பிறகு அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாததால், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடித்துத் தந்தது. ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போயிற்று. உங்களுக்கும் இது நடந்தால், விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் பேக்கப் எடுத்துச் சரிபார்த்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டுத்தான் பூட் மெனுவைத் திறக்கிறேன்.